சி.பி.எல். கையில் இருக்கிறது, பயிற்றுநராக எங்கே சேர்வது?

கேள்வி கேட்டிருப்பவர் மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) முடித்து, பறந்த நேரம் 200 மணிக்குச் சற்று மேலே வைத்திருக்கிறார், விமான நிறுவனங்கள் இன்னும் கூப்பிடவில்லை, பயிற்றுநர் தகுதிக்கான பயிற்சி முடியப்போகிறது. இரண்டு பள்ளிகள் வேலை தருவதாகச் சொல்லியிருக்கின்றன. ஒன்று கிழக்குக் கரையில், பறக்கும் மணிக்கு நல்ல காசு, ஆனால் மாதச் சம்பளம் கிடையாது. இன்னொன்று மேற்குக் கரையில், மணிக்குக் கிடைப்பது குறைவு, அடிப்படைச் சம்பளம் உண்டு, இரவுப் பறத்தலும் இரட்டை இன்ஜின் விமானமும் உண்டு. எதில் சேர்ந்தால் சீக்கிரம் 1500 மணி நேரத்தைத் தொடலாம் என்று கேட்கிறார்.

நானும் பகாவ்தான். பயிற்றுநராக இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி, அந்த 1500-ஐ முதலில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யூடியூபில் பார்க்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்கர்களுடையது. 2009-இல் அங்கே பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு சட்டத்தை மாற்றினார்கள். 2013-இலிருந்து துணை விமானியாகச் சேரவே பெரும்பாலானவர்களுக்கு 1500 மணி நேரம் வேண்டும் என்று ஆகிவிட்டது, அதனால்தான் அங்கே சி.பி.எல். முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பயிற்றுநர் ஆகிறார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது 200 சொச்சம் மணி நேரம் உள்ளவர்களையும் எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுத்துக்கொள்கின்றன, எடுக்காத காலத்தில் 1000 மணி நேரம் வைத்திருப்பவரும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, கற்றுக்கொடுக்கும் வேலையில் மனசு இருந்தால் மட்டும் இதற்குள் வாருங்கள். இருந்தால் இதைப்போல வேலை கிடையாது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்புறம், ஏ.டி.பி.எல். (விமான நிறுவனத்தில் கேப்டனாக ஓட்டத் தேவையான உரிமம்) என்றால் வெறும் 1500 இல்லை. சர்வதேச விதியில் அந்த 1500-க்குள் கிராஸ் கன்ட்ரி (ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பறப்பது) 200 மணி நேரம், இரவில் 100, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது 75 இருக்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு பள்ளிகளைப் பாருங்கள். பகலில் சர்க்கியூட் (ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்குவது) மட்டும் சுற்ற விடும் பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் இருந்தால் லாக் புக் கனமாகத்தான் இருக்கும், ஆனால் இரவுப் பத்தியும் கருவிப் பத்தியும் காலியாகக் கிடக்கும். இரட்டை இன்ஜின் மணி நேரம் அதைவிட அரிது. பல பள்ளிகளில் அந்த ஒரு விமானத்தை மூத்தவர்களே வைத்துக்கொள்வார்கள், புதிதாக வந்தவர் கைக்கு வர வருஷக் கணக்காகும். எப்போது உங்களுக்குத் தருவார்கள் என்று நேரடியாகவே கேளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது உங்களுக்கு மேலே யார் இருக்கிறார் என்பதுதான். ஐரோப்பிய விதியில் புதுப் பயிற்றுநர் 100 மணி நேரம் கற்றுக்கொடுத்து, மாணவர்கள் தனியாகப் பறக்கும் 25 சோலோ பறத்தல்களையாவது மேற்பார்வையிட்ட பிறகுதான் தனியாக இயங்க முடியும். அதுவரை ஒரு மாணவனை முதல் சோலோவுக்கு அனுப்பும் முடிவை மூத்தவர்தான் எடுக்க வேண்டும். ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்பது வலது பக்க இருக்கையில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் புரிந்துவிடும். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் மாணவன் 65 நாட் வேகத்தில் இறங்கி வருகிறான், ஓடுபாதை முகத்துக்கு நேரே எழும்பி வருவதுபோல் தெரிந்ததும் பயந்துபோய் யோக்கை (கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) இழுத்துவிடுகிறான், பத்துப் பதினைந்து அடியில் செய்ய வேண்டியதை முப்பது அடியிலேயே செய்துவிட்டான். மூக்கு மேலே போகிறது, வேகம் கரைகிறது, ஸ்டால் ஹார்ன் (இறக்கையின் தூக்குவிசை போகப்போகிறது என்ற எச்சரிக்கை ஒலி) முனக ஆரம்பிக்கிறது. உங்கள் இடது கை திராட்டில் (இன்ஜின் விசைக் கட்டுப்பாடு) பக்கத்தில், வலது கை யோக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி. இப்போதே கட்டுப்பாட்டை வாங்கிவிட்டால் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான், ஒரு நொடி தாமதித்தால் முன் சக்கரம் போய்விடும். "பவர்" என்று ஒரு சொல் சொல்லிப் பார்ப்பதா, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று வாங்கிக்கொள்வதா? இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து, இறங்கியபின் பலகையில் படம் போட்டு, "நீ அந்த இடத்தில் சீக்கிரம் வாங்கிவிட்டாய்" என்று சொல்லித்தரும் தலைமைப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும். அலுவலக அறையில் அட்டவணை மட்டும் போடுபவர் இதைத் தர முடியாது. ஆகவே சேருவதற்கு முன்னால் போய் ஒரு நாள் முழுக்க அங்கே உட்காருங்கள், தலைமைப் பயிற்றுநர் இன்னும் புதியவர்களோடு பறக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள்.

அன்றைக்கே விமானங்களையும் எண்ணுங்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணிக்கையை விடுங்கள், அன்று காலையில் பறக்கக்கூடிய நிலையில் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர்? பாதி விமானங்கள் உதிரிபாகத்துக்காக ஹேங்கரில் காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு காசு சொன்னாலும் உங்கள் கைக்கு வராது. டெக்னிக்கல் லாக்கை (விமானத்தின் கோளாறுகளை எழுதும் குறிப்பேட்டை) கேட்டு வாங்கிப் புரட்டுங்கள், ஒரே கோளாறு திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்று மூடப்பட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். காட்ட மறுத்தாலும் வேண்டாம்.

மணிக் கூலி விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. பறந்தால்தான் காசு என்றால், மேகம் கறுத்து வரும்போது "இன்னும் ஒரு சர்க்கியூட் போகலாம்" என்று சொல்லும் ஆசை எவ்வளவு நல்லவருக்கும் வரும், அதுவும் படிப்புக்காக வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கும்போது. நம் வீடுகளில் அப்பா அம்மா இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்திருக்கிறார்கள், மாதா மாதம் அதைக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே சொல்கிறேன், அடிப்படைச் சம்பளம் இருக்கிற இடத்தில்தான் "இன்றைக்குப் பறக்க வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

வானிலையையும் கணக்கில் எடுங்கள். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, டிசம்பரில் நாள் கணக்கில் ஓடுபாதையை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. மணிக் கூலிக்காரருக்கு அந்த மாதங்களில் வருமானம் என்ன? மேற்குக் கரையிலும் சும்மா இல்லை, மதியத்துக்கு மேல் இடிமழை, தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் புயல்மழை, சில வருஷங்களில் புகைமூட்டம். 2015, 2019 ஞாபகம் இருக்கும். ஆனால் இங்கே காலை நேரம் பெரும்பாலும் கிடைத்துவிடும், வருஷம் முழுக்கப் பரவிக் கிடக்கும்.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும் சொல்வது. இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவது என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் தோட்டத்தில் வளர்ந்தது உதவும். 172 ரகம் 2000 அடியிலிருந்து ஏறக்குறைய மூன்று கடல் மைல் சறுக்கும், நம் பக்கத்தில் அந்த வட்டத்துக்குள் பாதிக்கு மேல் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை). மேலிருந்து பார்க்கும் பட்டணத்துப் பையனுக்கு அது பச்சை மெத்தை. மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர், விமானத்தின் இறக்கை பதினொரு மீட்டர் என்று நமக்குத் தெரியும். செம்மண் ரோடு நேராகத் தெரிந்தாலும் இரண்டு பக்கமும் மட்டை சாய்ந்து நிற்கும், மறுநடவு செய்த இடம் வெறிச்சென்று இருந்தாலும் நடுவில் வெட்டிப்போட்ட மரக் குவியலும் வாய்க்காலும் இருக்கும். அறுவடை முடிந்த வயல் கிடைத்தால் அது எவ்வளவோ மேல். இதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம், அதற்கும் மேற்குக் கரைதான் சரியான இடம்.

ஆக, என் பதில்: மேற்குக் கரைப் பள்ளி. கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். பாண்ட் (கட்டாயம் அங்கே வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை வருஷம், இடையில் விமான நிறுவனம் கூப்பிட்டால் எவ்வளவு கட்டி வெளியே வரலாம் என்பது ஒன்று. இரவுப் பறத்தலும் இரட்டை இன்ஜினும் எந்த மாதத்திலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதித் தர மாட்டேன் என்றால் அவர்கள் சொன்னதில் பாதி பேச்சோடு போய்விடும், அப்போது அவசரப்படாமல் மூன்றாவதாக ஒரு பள்ளியைத் தேடுங்கள், ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள், வரி வரியாகச் சேர்ந்து பார்க்கலாம்.