ஷார்ஜாவுக்கு ஹிந்தியா, உருதுவா?

தம்பி, அடுத்த மாதம் ஷார்ஜா வருகிறீர்கள், அதற்குள் ஹிந்தி படிப்பதா உருது படிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அறை வாடகை, சாப்பாடு எல்லாம் வந்து இறங்கினால் தானாக அமைந்துவிடும், விடுங்கள். மொழியில்தான் நான் அடிபட்டவன்.

1996இல் வந்தேன். ஹிந்தி பிரசார சபா தேர்வில் மத்யமா வரை தேறிய மிதப்பு. முதல் வாரமே கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடிக்கொண்டு, "கிருபயா பிரதீக்ஷா கீஜியே" (தயவுசெய்து காத்திருங்கள்) என்று கத்தினேன். ஓட்டுநர் பாகிஸ்தானின் பெஷாவரில் இருந்து வந்த பட்டாணி. மந்திரம் ஓதுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டி போய்விட்டது. சாயங்காலம் அவரே சொன்னார்: காத்திருப்பதற்கு "இந்தஸார்" என்றிருந்தால் புரிந்திருக்கும், "ருக்கோ" (நில்லு) என்றால் நின்றே இருப்பேன்.

அப்புறம்தான் விவரம் தேடிப் படித்தேன். இரண்டுக்கும் அடிமரம் ஒன்று, டெல்லி வட்டாரத்துப் பேச்சு வழக்கான கடீ போலி. 'ஹிந்தி' என்ற பெயரே பாரசீகத்தில் இருந்து வந்தது. உருதுக் கவிஞர்களே தங்கள் மொழியை ஹிந்தி என்று சொன்ன காலம் உண்டு. 1800இல் கல்கத்தாவில் வெள்ளைக்காரன் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மீர் அம்மன் உருது உரைநடை எழுதினார், லல்லூ லால் பாரசீக, அரபுச் சொற்களை ஒதுக்கி, இன்று ஹிந்திக்கு இருக்கும் நாகரி எழுத்தில் எழுதினார். பிறகு கோர்ட்டு கச்சேரியில் பாரசீக எழுத்தா நாகரியா என்று சண்டை. எழுத்து மாறினால் உத்தியோகம் யாருக்கு என்பதும் மாறுமே! 1900இல் வடமேற்கு மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசப் பக்கம்) நாகரிக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு பக்கம் சமஸ்கிருதத்தை அள்ளிக் கொட்டினார்கள், மறுபக்கம் பாரசீகத்தை. நான் காசு கட்டிப் படித்தது அப்படிக் கொட்டியதைத்தான்.

அதனால் பேச்சை மட்டும் பழகுங்கள். ஆனால் தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் காதில் விழுவதை அப்படியே மேனேஜரிடம் பேசாதீர்கள். நம்ம ஊர்ப் பையன் ஒருவன் மேனேஜரை 'ஆப்' (நீங்கள்) என்பதற்குப் பதில் 'தூ' (நீ) என்று கூப்பிட்டு, ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் திரிந்தான். பத்து வருடமாக "மாலும் நஹி" (தெரியாது) ஒன்றையே வைத்து ஓட்டுகிற நம்மவர்களையும் பின்பற்றாதீர்கள்.

சுத்தமான உருதுவுக்குப் பேர்போன லக்னோக்காரர் யாராவது ஆண்பால் பெண்பால் திருத்தினால் கண்டுகொள்ள வேண்டாம். பாகிஸ்தானிலேயே உருது தாய்மொழியாக இருப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அந்தப் பட்டாணிக்கும் வீட்டில் பஷ்தோதான்.

என் அறையில் இருந்த ஆம்பூர் பாய் வீட்டில் தக்னி உருது, அதாவது தென்னிந்திய வழக்கு. அவர் "நக்கோ" (வேண்டாம்) என்று சொன்னாலே லக்னோக்காரர்கள் சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் பிரியாணிக்குப் பட்டாணியும் வருவார். இரண்டாம் முறை பரிமாறப் போனால், தட்டைக் கையால் மூடிக்கொண்டு அவரும் "நக்கோ, நக்கோ" என்பார்.