கடற்கரை வெறும் மணல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பாதுகாப்பு?

சரி, அந்த மணலிலிருந்தே தொடங்கலாம். புயல் அலையின் முதல் அடியை வாங்குவது மணல்மேடுதான். அலை அரித்துப்போன மணலில் பெரும்பகுதியை அமைதியான மாதங்களில் கடலே திருப்பிக் கொண்டுவரும், ஆனால் ஆற்றில் அணை கட்டி மணல் வரத்தைத் தடுத்தாலோ கரையில் கல்சுவர் எழுப்பினாலோ இந்தக் கொடுக்கல் வாங்கல் கெட்டு, பெரும்பாலும் பக்கத்துக் கரை அரிபடும் (சுவர் கட்டியவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை). அப்புறம் கழிமுகம், அலையாத்திக் காடு, கடற்புல். கடலில் பிடிபடும் பல மீன்களும் இறால்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது இங்கேதான்.

மீன்பிடி, துறைமுகம், சுற்றுலா எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது கரையோரக் கிணற்றின் நல்ல தண்ணீர்: மணலில் இறங்கிய மழைநீர், அடர்த்தி கூடிய உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது, மோட்டார் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் கிணற்றில் உப்பு ஏறிவிடும்.