திம்பத்தில் தவறிய கணக்கு

அன்புள்ள ஐயா,

அப்பா வைத்திருந்த 1986ஆம் ஆண்டு அம்பாசிடர் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் டிங்கரிங் பார்த்துப் புதுப் பெயின்ட் அடித்தேன். அதிலிருந்து பெட்ரோல் முள் தாறுமாறாக ஆடுகிறது. டேங்க் நிறைய இருந்தாலும் காலி என்கிறது. மெக்கானிக் சொன்னபடி மீட்டரை மாற்றியும் பயனில்லை. இப்போது டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட்டையும் மாற்றச் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே துடிக்கிறது. ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் இதைச் சரிசெய்ய ஆள் இல்லையா? நம் பக்கத்து இயந்திர அறிவு எங்கே போயிற்று? பேசாமல் வண்டியை விற்றுவிடலாமா?

செ., பெருந்துறை

அன்புள்ள செ.,

விற்பதா வேண்டாமா என்பதை வீட்டில் கேளுங்கள். நாயுடு 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கினார். அவர் பிறந்த மண் என்று மார்தட்டிக்கொண்டால் உங்கள் டேங்குக்கு எர்த் கிடைத்துவிடாது.

ஆம், எர்த்; மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. வேடிக்கை என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்த வரியில்தான் விடை இருக்கிறது. பெயின்ட் அடித்த பிறகு தொடங்கியது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் புது மீட்டருக்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும்.

டேங்குக்குள் ஒரு மிதவை; உங்கள் மெக்கானிக் சொல்லும் ஃப்ளோட் அதுதான். பெட்ரோல் மட்டத்தோடு அது ஏறி இறங்க, அதன் கம்பி ஒரு மின்தடையின் மேல் உரசி நகர்கிறது. மீட்டரிலிருந்து அங்கே வருவது ஒற்றை ஒயர்தான். மின்சாரம் திரும்புவதற்கு வேறு ஒயர் கிடையாது. டேங்கின் தகரம், போல்ட், பாடி என்று இரும்பு வழியாகவே பேட்டரிக்குப் போக வேண்டும். அந்த இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்தான் நீங்கள் பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். பின்விளக்குகளும் அதே பாடியைத்தான் எர்த்தாக நம்பியிருக்கின்றன. வழி குறுகிவிட்டால் இண்டிகேட்டர் எரியும்போதெல்லாம் இரண்டு மின்சாரமும் ஒரே சந்தில் முட்டிக்கொள்ளும். முள் துடிப்பது அதனால்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டிக்கியை நன்றாகத் திறந்து காற்றாட விடுங்கள். பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். டேங்க் யூனிட்டின் போல்ட் ஒன்றிலிருந்து பாடியில் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிய ஓர் இடத்துக்குத் தனியாக ஒரு ஒயரை இழுத்து முடுக்குங்கள். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டுப் பாருங்கள். முள்ளின் துடிப்பு நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் மட்டும் ஃப்ளோட்டைக் கழற்றி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சளசளத்தால் அது ஓட்டை. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் அது வேறு கதை; மீட்டர்களுக்கு வரும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும்.

அளவு தவறினால் எல்லோரும் முள்ளைத்தான் முறைக்கிறோம். அது எதன் மேல் நின்று அளக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. இதை இத்தனை சூடாகச் சொல்வதற்கு உங்கள் கார் காரணமல்ல. போன மாதம் சங்ககிரிப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டின் பரணைக் காலி செய்தபோது அய்யனின், அதாவது என் அப்பாவின், டீசல் குச்சி கிடைத்தது.

அய்யன் சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டியவர். மீட்டர் நன்றாக இருந்தாலும் குச்சியைத்தான் நம்புவார். இரண்டடி நீள மூங்கில் சிம்பு அது. காலி டேங்கில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை விட்டெடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டியிருந்தார். டேங்க் படுத்த உருளை என்பதால் வெட்டுகள் அடியிலும் நுனியிலும் அகன்று, நடுவில் நெருங்கியிருக்கும்.

எனக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறையில் அந்தக் குச்சியை எடுத்துப் புளி உலுக்கினேன். அடிப்பக்கம் ஒடிந்தது. பயத்தில் கல்லில் தேய்த்து மழுக்கி, மண்ணைப் பூசி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடி குறைந்த குச்சியில் எல்லா வெட்டும் கீழே இறங்கிவிடும், இல்லாத டீசலை இருப்பதாகக் காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே என்னையும் ஏற்றிக்கொண்டு மைசூருக்கு சிமென்ட் லோடு. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இருபதைத் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. அய்யன் குச்சியை விட்டுப் பார்த்தார், டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளீனர் அண்ணன் கேனோடு இறங்குகிற லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போய்த் திரும்பும்போது விடிந்துவிட்டது. டீசல் வண்டி வறண்டு நின்றால் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அய்யன் ஃபில்டரின் திருகைத் தளர்த்திவிட்டு என்னைக் கைப்பம்பை அமுக்கச் சொன்னார். முதலில் வெறும் நுரை. பிறகு நுரையும் டீசலுமாகத் துப்பியது. கட்டைவிரல் மரத்துப்போன பிறகு குமிழி இல்லாமல் வழிந்தது. “போதும் சாமி” என்று திருகை முடுக்கினார்.

அதன் பிறகு பல வருடங்கள், டீக்கடையில் மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்யும்போதெல்லாம், “திம்பத்தில் என் கணக்குத் தவறிவிட்டது” என்பார். நான் வடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குச்சியை மறுபடி நான் தொடவே இல்லை. அவருக்குத் தெரியாது என்றுதான் அவர் போகும்வரை நினைத்திருந்தேன்.

பரணிலிருந்து எடுத்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியால் துடைத்தேன். ஒவ்வொரு பழைய வெட்டின் மேலும் ஒரு கீறல் போட்டு அடித்திருந்தார். அதற்குச் சற்று மேலே புதிதாக ஒரு வெட்டு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தேன். கீழிருந்து கடைசிவரை எல்லாமே ஒன்றரை அங்குலம்.