1987: இரண்டு தேர்தல்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

2024 அக்டோபரில் காஷ்மீரில் பத்து வருஷம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல் நடந்து முடிந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை, பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தேர்தல் வந்தால் பயங்கரவாதம் குறையும் என்பது வெறும் பேச்சுதானா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

எல்லை தாண்டித் துப்பாக்கியோடு வருகிறவனை வாக்குச்சாவடி தடுக்காது. அது ராணுவமும் உளவுத்துறையும் பார்க்கவேண்டிய வேலை. உள்ளூர்ப் பையன் அவனோடு போகிறானா இல்லையா என்பதில்தான் தேர்தலுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

1987ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் காஷ்மீரில் தேர்தல். ஸ்ரீநகரின் அமீராகடல் தொகுதியில் முஸ்லிம் ஐக்கிய முன்னணி சார்பில் யூசுப் ஷா நின்றார். எண்ணிக்கையில் அவர்தான் முந்தியிருந்தார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டவர் எதிராளி. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தோற்றவரையும் அவருடைய பூத் ஏஜெண்டையும் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். அந்த வேட்பாளர்தான் பிறகு சையது சலாஹுதீன், ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற ஆயுதக் குழுவின் தலைவர். ஏஜெண்ட், பிறகு அவரும் ஆயுதம் ஏந்திய யாசின் மாலிக். எல்லைக்கு அப்பால் ஆயுதமும் பயிற்சியும் காத்திருந்தன, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வாங்கப் போக ஆள் வேண்டுமே!

அதற்கு ஐந்து வாரம் முன்னால்தான் மிசோரமில் தேர்தல் நடந்தது. தனி நாடு கேட்டு 1966லிருந்து இருபது வருஷம் ஆயுதம் ஏந்திய மிசோ தேசிய முன்னணித் தலைவர் லால்டெங்காவின் ஆட்கள் 40க்கு 24 இடம் பிடித்தார்கள், அவர் முதல்வரானார். தேர்தல் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. 1986 ஜூனில் ஒப்பந்தம், அப்புறம் ஆயுத ஒப்படைப்பு, மாநில அந்தஸ்துக்கான சட்டம், அதற்குப் பிறகுதான் ஓட்டு. எனக்கு முக்கியமாகப் படுவது 1988இல் நடந்தது. கட்சி தாவலில் லால்டெங்காவின் ஆட்சி கவிழ்ந்தது. திரும்பக் காட்டுக்குப் போக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. போகவில்லை. 1989இல் மறுபடி தேர்தலில் நின்று, காங்கிரஸிடம் தோற்றார்கள்.

காட்டில் லால்டெங்காவின் செயலாளராக இருந்த ஜோரம்தங்கா 1998இல் முதல்வரானார். 2008இல் தோற்றார், 2018இல் திரும்ப வந்தார். 2023இல் சொந்தத் தொகுதியே கைவிட்டுப் போனது. வாக்கு எண்ணிய அன்றே ஆளுநரைப் பார்த்து ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.