பிரின்டரும் கணினியும் ஒரே முகவரியில்: கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து: அண்ணா, மின்சாரம் நின்று வந்தாலே ஒரு கணினியில் 'ஐபி முகவரி முரண்பாடு' என்று வருகிறது. பிரின்டரும் அச்சிடாது. பிரின்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம் தம்பி, அந்தக் காசை வீணாக்காதீர்கள். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்தான் ஐபி முகவரி; இரண்டு கருவிகள் ஒரே எண்ணை வைத்திருந்தால் முரண்பாடு. யாரோ பிரின்டருக்கு 192.168.1.20 என்று கையால் முகவரி கொடுத்திருக்க வேண்டும். முகவரிகளைப் பங்கிடும் ரவுட்டருக்கு அது தெரியாது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைப் பல சிறிய ரவுட்டர்கள் மின்சாரம் போனதும் மறந்துவிடும். திரும்ப வந்ததும், பிரின்டர் சூடாகி எழும்பாத அந்த அரை நிமிடத்தில், கேட்கிற கணினிக்கு அதே 20ஐக் கொடுத்துவிடுகிறது.

ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண்ணை 100 முதல் 199 வரை என்று வரையறுங்கள். பிரின்டர், கமெரா போன்றவை 100க்குக் கீழே இருக்கட்டும்.

கொக்குவிலிலிருந்து: எங்கள் கந்தோரில் பதினான்கு கணினிகள். முகவரியைப் பிடித்து வைத்திருப்பது எது என்று எப்படி அறிவது?

முரண்படும் கணினியின் கேபிளைக் கழற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, வேறொரு கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் (ping, அங்கே யாரும் இருக்கிறார்களா என்று கேட்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால், அங்கே இன்னொருவர் இருக்கிறார். உடனே 'ஏஆர்பி -ஏ' (arp -a) கட்டளையை இடுங்கள். அந்த முகவரிக்கு நேரே பன்னிரண்டு எழுத்து மாக் முகவரி (எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த, கருவியின் சொந்த அடையாளம்) தெரியும். முதல் ஆறும் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) என்பவற்றில் ஒன்றானால், அது பெரும்பாலும் தன் உண்மையான மாக்கை மறைக்கும் கைபேசி.

கஸ்தூரியார் வீதியில் ஒரு மாடி அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் கணினிகளையே துருவினேன். கடைசியில், கதவுக்குப் பின்னால் இருந்த கைரேகை வரவுக் கருவியின் அடியில் ஒட்டிய தாளில் அதே பன்னிரண்டு எழுத்துகள்! கணினி அல்லாதவற்றை முதலில் பாருங்கள்.

நல்லூரிலிருந்து: வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் போட்டோம். அன்றிலிருந்து சிலருக்கு இணையம் வருகிறது, சிலருக்கு இல்லை.

இரண்டு ரவுட்டர்களும் முகவரி கொடுக்கின்றன, தங்கச்சி. இரண்டுமே 192.168.1.1 என்றால் குழப்பம் இன்னும் கூடும். புதியதைத் தனியே ஒரு கணினியில் பொருத்தி, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஎச்சிபியை (DHCP, தானாக முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்துங்கள். பிறகு பழைய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN) துளையில் செருகுங்கள். வான் (WAN) துளையில் அல்ல.

சாவகச்சேரியிலிருந்து: 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. இதுவும் முரண்பாடா?

இல்லை. ரவுட்டரிடமிருந்து பதில் வராததால் கணினி தானே எடுத்துக்கொண்டது. கேபிளைப் பாருங்கள். கேபிள் சரியென்றால் முகவரிகள் தீர்ந்திருக்கலாம். வருவோர் போவோரின் கைபேசிகள் அவற்றை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். ரவுட்டரில் குத்தகை நேரத்தை, அதாவது ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும் காலத்தை, இரண்டு மணித்தியாலமாகக் குறையுங்கள்.

மீண்டும் சுன்னாகத்திலிருந்து: 20ஐ யார் கொடுத்தார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அண்ணா.

இனித் தெரியட்டும். கருவி, முகவரி, மாக், கொடுத்த திகதி: நான்கையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மாறும்.