பொம்மை பேர் போட்ட ராட்சச வண்டி நிஜமாவே ரேஸ் ஓடிச்சா? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்க வீட்டு வாண்டு ஹாட் வீல்ஸ் மான்ஸ்டர் டிரக் பொம்மை, அதான் ராட்சச டயர் வச்ச வண்டி, ரெண்டு வச்சிருக்கான். ஒண்ணு பிக்ஃபுட், இன்னொண்ணு டைகர் ஷார்க். ரெண்டும் அமெரிக்காவுல நிஜமாவே ஓடற வண்டின்னு அடிச்சு சொல்றான். அவங்கப்பா, அதெல்லாம் பொம்மைக்கு வச்ச பேருடாங்கறார். யார் சொல்றது சரி? – ஆர்.கே., கரூர்

ப: உங்க பையன் சொல்றதுதாம்மா சரி. ஆனா ரெண்டு வண்டிக்கும் கதை தலைகீழ், அதை அவன்கிட்ட சொல்லுங்க, ரொம்ப ரசிப்பான்.

பிக்ஃபுட் முதல்ல வண்டி, அப்புறம்தான் பொம்மை. மிசௌரி மாநிலத்துல செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர்னு ஒருத்தர், ஃபோர்-வீல் டிரைவ் வண்டிகளுக்கு பார்ட்ஸ் விக்கிற கடை வச்சிருந்தவர், தன்னோட 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை எடுத்துக்கிட்டு போய் சேத்துலயும் மேட்டுலயும் ஓட்டி ஒவ்வொண்ணா உடைப்பாராம், உடைஞ்ச பார்ட்டுக்கு பதிலா அதைவிட பெருசா ஒண்ணு மாட்டுவாராம், அப்படியே வண்டி வளந்துக்கிட்டே போச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற உன் பெரிய பாதம்தான்யா எல்லாத்துக்கும் காரணம்னு கடையில வேலை பாத்தவர் சொல்லப்போய் அதுவே பேராச்சு. 1981-ல ஒரு வயல்ல ரெண்டு பழைய காரை நிறுத்தி அது மேல ஏத்தி நசுக்கிப் பாத்தார். அடுத்த வருஷம் பான்டியாக் சில்வர்டோம்னு ஒரு பெரிய ஸ்டேடியத்துல ஜனங்க முன்னாடியே செஞ்சு காட்டினார். மத்ததெல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான்.

டைகர் ஷார்க் அப்படி இல்ல. அது பொம்மை கம்பெனியோட டிசைன் மேசையில பொறந்த குழந்தை. மேட்டல் கம்பெனி தன்னோட ஹாட் வீல்ஸ் பொம்மைகளை வச்சே ஊர் ஊரா ஷோ நடத்த ஆரம்பிச்சப்போ அந்த சுறா மூஞ்சியை நிஜ சைஸ்ல கட்டி உள்ள ஆளை உக்கார வச்சு ஓட விட்டாங்க. அதே ஷோவுல பிக்ஃபுட்டும் ஓடுது. ஆக உங்க பையன் கையில இருக்கிற ரெண்டுல ஒண்ணு வண்டியைப் பாத்து செஞ்ச பொம்மை, இன்னொண்ணு பொம்மையைப் பாத்து செஞ்ச வண்டி.

இது ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு வண்டி இருக்கு, எனக்கு எல்லாத்தையும் விட அதுதான் பிடிக்கும். ஸ்னேக் பைட்னு பேர். 90-களோட ஆரம்பத்துல சாண்ட்லரோட அதே பட்டறையில கட்டினது, ஹாட் வீல்ஸ் ஸ்பான்சர். அதுவரைக்கும் மான்ஸ்டர் டிரக்னா மேல சாதாரண பிக்கப் பாடிதான் உக்காந்திருக்கும், பெயின்ட்தான் வித்தியாசம். இதுல முன்பக்கத்தையே நாகப்பாம்பு மூஞ்சியா வார்த்து எடுத்தாங்க, ரெண்டு பெரிய விஷப்பல்லு முன்னாடி தொங்கும். டிரைவருக்கு முகமூடி, பேர் கோல்ட் கோப்ரா, உள்ள யாரு உக்காந்திருக்கான்னு ஜனங்களுக்கு சொல்லவே மாட்டாங்க. பிக்ஃபுட் நல்லவன், இது வில்லன். பொம்மைக் கடையில ரெண்டையும் ஜோடியா வாங்க வைக்கிற ஐடியா அதுல இருந்துச்சுங்கறது உண்மைதான், அதை நான் குறையா நினைக்கல. ஏன்னா முகமூடி போட்டுக்கிட்டு வந்தாலும் ரேஸ்ல பச்சை லைட் விழுந்தா அவன் ஓட்டித்தான் ஜெயிக்கணும், அதுக்கு முகமூடி உதவாது.

கே: பொம்மை கம்பெனி காசு போடுது, டிரைவருக்கு முகமூடி மாட்டறாங்க, நல்லவன் கெட்டவன்னு பிரிக்கறாங்க. அப்ப யார் ஜெயிக்கணும்னு முன்கூட்டியே பேசி வச்சிருப்பாங்கதானே, டிவி மல்யுத்தம் மாதிரி? – எம்.எஸ்., திருநெல்வேலி

ப: இந்த சந்தேகம் பலருக்கு இருக்கு சார், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

மான்ஸ்டர் டிரக் போட்டியில பெரிய பிரிவுன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு ரேஸ், ரெண்டு ரெண்டு வண்டியா பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, மண்மேட்டுல ஏறி வரிசையா நிக்கிற கார்களைத் தாண்டி யார் முதல்ல கோட்டைத் தொடறாங்களோ அவங்க அடுத்த ரவுண்டு, தோத்தவங்க வெளியே. சின்ன அரங்கத்துல இது சில நொடியில முடிஞ்சிரும். ஒருத்தன் ஸ்டார்ட்ல கண்ணு சிமிட்டற நேரம் தூங்கிட்டா போச்சு. இன்னொண்ணு ஃப்ரீஸ்டைல், குடுத்த நேரத்துக்குள்ள தாவறது, வட்டம் சுத்தறது, ரெண்டு சக்கரத்துல நிக்கிறதுன்னு எல்லா வித்தையும் காட்டி மார்க் வாங்கணும். மான்ஸ்டர் ஜாம்ங்கற பெரிய போட்டித் தொடர்ல இப்ப ஆடியன்ஸே செல்ஃபோன்ல மார்க் போடறாங்க, அதனால குழந்தைங்களுக்கு பிடிச்ச வண்டிக்கு கொஞ்சம் கை தாராளமா விழும்னு நான் நினைக்கிறேன். ஆனா ரேஸ்ல அது நடக்காது.

இந்த ரேஸுக்காக எவ்வளவு மூளை செலவாகியிருக்குன்னு பாருங்க. ஆரம்பத்துல இந்த வண்டிகள் லாரி சட்டத்து மேல கனமான பட்டை ஸ்பிரிங் வச்சு கட்டின மலைங்க, தாவி விழுந்தா டிரைவரோட முதுகெலும்பு ஆடிப்போயிரும். 1989-ல சாண்ட்லரோட பிக்ஃபுட் வரிசையில பிக்ஃபுட்-8-ங்கற வண்டி வந்துச்சு. கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி இரும்புக் குழாயா வெல்டிங் பண்ணின சட்டம், நைட்ரஜன் கேஸ் அடைச்ச ஷாக் அப்சார்பர், பழைய வண்டிங்களை விட ரொம்ப லைட்டு, சக்கரம் மேலயும் கீழயும் போய் வர இடமும் அதிகம். பாத்தவங்க முதல்ல இது என்ன கோழிக்கூண்டுன்னுதான் நினைச்சிருப்பாங்க, ஆனா 1990-ல ஆண்டி பிராஸ் அதே வண்டியை ஓட்டி சாம்பியன்ஷிப் அடிச்சார். கொஞ்ச வருஷத்துல எல்லாரும் குழாய்க்கு மாறிட்டாங்க. பேசி வச்ச போட்டியா இருந்தா இந்த செலவையும் தலைவலியையும் எவன் சார் இழுத்துப் போட்டுக்குவான்?

1999 செப்டம்பர்ல டென்னசியில ஒரு விமான தளத்துல டேன் ரன்டி பிக்ஃபுட்-14-ஐ ஓட்டி ஒரு போயிங் 727 விமானத்தைத் தாண்டினார், 202 அடி. அதை பேசி வச்சு செய்ய முடியுமா!

ஒண்ணு ஒத்துக்கறேன், இப்ப நடக்கற ஹாட் வீல்ஸ் ஷோ குடும்பத்தோட போய் பாக்கறதுக்கான நிகழ்ச்சி, ராத்திரி லைட்டு, ஒளிர்ற வண்டி, டைனோசர் மூஞ்சி வச்ச மெகா ரெக்ஸ்னு கொண்டாட்டம்தான் அதுல அதிகம். முழு சீசன் பாயின்ட் சேத்து உலக ஃபைனல் வரைக்கும் போற போட்டி வேணும்னா மான்ஸ்டர் ஜாம் பாருங்க. அங்கயும் 2010-கள்ல டீம் ஹாட் வீல்ஸ் ஃபயர்ஸ்டார்ம்னு பொம்மை பேர் போட்ட வண்டியை ஸ்காட் பியூடோ ஓட்டினார், கிரேவ் டிக்கர் மாதிரி பழம் தின்னு கொட்டை போட்ட வண்டிங்களோட மோதித்தான் அது இடம் பிடிக்கணும்.

கே: ஒரு பொம்மை கம்பெனிக்கு இதுல என்ன லாபம்? – வி., சேலம்

ப: வண்டி ஓடற அரங்கத்துல பாதிப் பேர் அவங்க கஸ்டமர்தாங்க. இந்தப் பக்கம் டீமுக்கும் காசு வேணும், ஒரு ஓட்டத்துக்கே கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர் மெத்தனால் குடிக்கிற இன்ஜின், சுமார் 1,500 குதிரை சக்தி, ஒரு தடவை தப்பா விழுந்தா அச்சு வளையும். ஆனா இந்த உறவு நிரந்தரம் இல்ல. ரொம்ப வருஷமா மான்ஸ்டர் ஜாம் வண்டிகளோட பொம்மை எல்லாம் ஹாட் வீல்ஸ் பேர்லதான் வந்துச்சு, 2019-லேர்ந்து அந்த உரிமை ஸ்பின் மாஸ்டர்ங்கற இன்னொரு பொம்மை கம்பெனிக்கு போயிருச்சு. அதனாலதான் இப்ப கடையில கிரேவ் டிக்கர் ஒரு கம்பெனி அட்டையிலயும் பிக்ஃபுட் இன்னொரு கம்பெனி அட்டையிலயும் தொங்குது. புள்ளைங்களுக்கு வாங்கித் தர்றவங்க குழம்பிப் போறது இங்கதான், ரெண்டுமே அசல்தான், கவலைப்படாதீங்க.

கே: இவ்வளவு பெரிய வண்டி கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள்ள போனா? – ஜே.பி., நாகர்கோவில்

ப: நியாயமான பயம். 80-களோட கடைசியில சாண்ட்லரும் மத்த டீம்காரங்களும் சேந்து மான்ஸ்டர் டிரக் ரேசிங் அசோசியேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சு பாதுகாப்பு விதி கொண்டுவந்தாங்க. முக்கியமானது ஒரு சின்ன ரிமோட். மைதானத்துல ஒரு அதிகாரி கையில அதை வச்சுக்கிட்டு வண்டியை மட்டுமே பாத்துக்கிட்டு நிப்பார், ஏதாவது தப்பாப் போனா பட்டனை அமுக்குவார், இன்ஜின் அங்கயே அணைஞ்சிரும். டிரைவரைச் சுத்தி இரும்புக் கூண்டு, அஞ்சு பக்கமும் இழுத்துக் கட்டின பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு. இதையெல்லாம் மீறியும் உலகத்துல சில இடங்கள்ல விபத்து நடந்திருக்கு, பாக்க வந்தவங்க உயிரே போயிருக்கு. அதனால எங்க போய் பாத்தாலும் முன்வரிசை வேண்டாம், குழந்தைங்களோட மேல் வரிசையில உக்காருங்க, காதுக்கு கட்டாயம் காப்பு மாட்டி விடுங்க, அந்த சத்தம் சாதாரண சத்தம் இல்ல.

கே: இந்த வண்டிகளுக்கும் நம்ம நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? – டி.எஸ்., கோவை

ப: உண்டே, அதுவும் தரையைத் தொடற இடத்துல! மான்ஸ்டர் ஜாம் வண்டிகளுக்கு 2014-லேர்ந்து டயர் குடுக்கறது மும்பையைத் தலைமையிடமா வச்சிருக்கிற பி.கே.டி. கம்பெனி. 66 இன்ச் உயரம், அதாவது அஞ்சரை அடி, நம்ம பக்கத்துல ஒரு ஆள் நின்னா டயர் தோளுக்கோ தலைக்கோ வரும். அதுக்கு முன்னாடி என்ன பண்ணினாங்கன்னா, வயல்ல உரம் தெளிக்கிற பெரிய வண்டிகளோட டயரை வாங்கிட்டு வந்து, எடையைக் குறைக்கறதுக்காக ஆளுங்க கையில கத்தி வச்சு அந்த ரப்பர் கட்டைகளை மணிக்கணக்கா செதுக்குவாங்க. கீழ மலை மாதிரி ரப்பர் சுருள் குவியும். ரேஸுக்குன்னே தனியா டயர் செஞ்சு வந்தப்புறம்தான் அந்தக் கை வேலை குறைஞ்சுது.

கே: என் பேரன் அந்த டிரக்கை மாடிப்படியிலேர்ந்து உருட்டி உருட்டி மேல் மூடி கழண்டு விழுந்துருச்சு. ஐந்நூறு ரூபா பொம்மை. திட்டினேன், அழறான். – ஒரு தாத்தா, மயிலாடுதுறை

ப: ஐயா, அழ விடாதீங்க. நிஜ வண்டியிலயும் அந்த மேல் மூடி ஃபைபர் கிளாஸ் ஓடுதான், சட்டத்து மேல சும்மா மாட்டி வச்சிருப்பாங்க. ஃப்ரீஸ்டைல்ல வண்டி கவுந்தா அதுதான் முதல்ல பிய்ச்சுக்கிட்டு பறக்கும், கூட்டம் எழுந்து நின்னு கத்தும், மூடி இல்லாத வெறும் கூண்டோடயே டிரைவர் மிச்ச நேரத்தை ஓட்டி முடிப்பார். வெளியே வந்ததும் பட்டறை ஆளுங்க உடைஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கி வேனுல ஏத்திக்கிட்டு போய் ஒட்டுவாங்க. பேரனைப் பக்கத்துல உக்கார வச்சு இதைச் சொல்லிட்டு, நல்ல பசையா வாங்கி நாலு மூலையிலயும் ஒரு சொட்டு விட்டு ஒட்டுங்க. அவன் அவசரப்படுவான், ராத்திரி முழுக்க காய விட்டு காலையில குடுங்க.