வண்டி என்றீர்களே!

கேள்வி: கீழே காற்றை ஊதி, அந்தக் காற்றின்மேல் கடலிலும் தரையிலும் ஓடுமே, ஆங்கிலக் கால்வாயைக் கடந்த அந்த ஹோவர்கிராஃப்டை நினைத்துப் போன இதழில் ஒரு பக்கம் உருகியிருந்தீர்கள். காதைப் பிளக்கும் சத்தம், குடம் குடமாகக் குடிக்கும் எண்ணெய், அலை உயர்ந்தால் ஓடாது. 2000ஆம் ஆண்டோடு கடையை மூடிவிட்டார்கள். காலாவதியான ஒரு வண்டிக்கு இத்தனை ஏக்கம் எதற்கு? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: காலாவதிக்கு அப்புறம் வருகிறேன். 'வண்டி' என்று எழுதினீர்களே, அதற்காக உங்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது.

மாட்டு வண்டி, குதிரை வண்டி, தள்ளுவண்டி, ரயில் வண்டி. சைக்கிள் வைத்திருப்பவரும் வண்டியைத் துடைக்கிறேன் என்பார், பதினாறு சக்கர லாரி ஓட்டுபவரும் வண்டி லோடு ஏறுகிறது என்பார். ஆனால் தூத்துக்குடியில் யாரும் தோணியை வண்டி என்று சொல்லிக் கேட்டதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தையும் அப்படிச் சொல்வதில்லை. வண்டி என்றால் தரையில் வர வேண்டும், நாம் நிற்கிற இடத்துக்கு வர வேண்டும், ஏறி உட்கார்ந்தால் கிளம்ப வேண்டும். கடலில் ஓடும் ஒன்றைக் கொஞ்சமும் யோசிக்காமல் வண்டி என்று எழுதிவிட்டீர்கள். அதைக் கண்டுபிடித்தவருக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அவர் கிறிஸ்டோபர் காக்கரெல். மார்க்கோனி நிறுவனத்தில் ரேடார் வேலை பார்த்தவர். பிறகு இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சிறியதொரு படகுப் பட்டறை நடத்தினார். 1955இல் ஒரு காப்பித் தகர டப்பாவுக்குள் பூனை உணவு டப்பாவை வைத்து, இரண்டுக்கும் நடுவில் இருந்த வளைய இடுக்கு வழியாகக் காற்றை ஊதி, அது எவ்வளவு எடையைத் தள்ளுகிறது என்று சமையலறைத் தராசில் பார்த்தார். வெறும் குழாயில் ஊதுவதைவிட வளையமாக ஊதினால் தள்ளும் பலம் அதிகம் என்று தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு ராணுவத்திடம் போனார். இது விமானம், படகு இல்லை என்றது கடற்படை. இது படகு, விமானம் இல்லை என்றது விமானப்படை. தரைப்படைக்கு ஆர்வமே இல்லை. திரிசங்குவுக்காவது ஒரு விசுவாமித்திரர் கிடைத்தார். காக்கரெலுக்குக் கிடைத்தது 'ரகசியம்' என்ற முத்திரைதான். வேறு யாரிடமும் காட்ட முடியாமல் கொஞ்ச காலம் தவித்தார்.

1959 ஜூலை 25ஆம் தேதி எஸ்.ஆர்.என்.1 என்ற முதல் ஹோவர்கிராஃப்ட் பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு வந்தது. பிரெஞ்சு விமானி பிளேரியோ முதன்முதலாக விமானத்தில் அதே கடலைக் கடந்து சரியாக ஐம்பது வருடம் ஆன நாள் அது. அந்தப் பயணத்தில் காக்கரெலும் உண்டு. உள்ளே உட்காரவில்லை, வண்டி சாயாமல் இருக்க மேல்தளத்தில் எடைக்கல்லாக நின்றுகொண்டு வந்தார். கண்டுபிடித்தவரே கடல் காற்றில் நின்றபடி கரைசேர்ந்த அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் மனது நிறைகிறது.

அந்த முதல் வண்டி கடல்மட்டத்திலிருந்து எழும்பியது ஒரு சாண் உயரம்தான். அலை அதைவிடப் பெரியதாயிற்றே! அதற்கு விடை சொன்னது பாவாடை. ஆங்கிலத்திலும் அதற்குப் பாவாடை என்றுதான் பெயர். வண்டியின் அடி விளிம்பைச் சுற்றி ரப்பர் பூசிய துணியைத் தொங்கவிட்டார்கள். ஊதுகிற காற்று உடனே தப்பிப் போகாமல் அதற்குள் தங்கியது. அலை வந்தால் துணி மடங்கி வழிவிட்டது. நம் வீடுகளில் பட்டுப்பாவாடை கட்டிய குழந்தை விறுவிறுவென்று சுற்றிவிட்டுச் சட்டென்று உட்காரும்போது பாவாடை பந்து மாதிரி உப்பி நிற்குமே, அதுதான் ஹோவர்கிராஃப்ட். இதைவிட எளிதாக எனக்கு விளக்கத் தெரியாது. பத்தாண்டுக்குள் அந்தப் பாவாடை ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே இருக்கும் காற்று பிரமாதமான அழுத்தம் கொண்டதும் அல்ல. நாம் ஈரமணலில் காலை ஊன்றும் அழுத்தத்தைவிட, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள வண்டி அதே மணலில் தரும் அழுத்தம் குறைவு.

இந்த இடத்தில் என் பழைய சண்டையைச் சொல்லியாக வேண்டும். இதை 'மிதவை ஊர்தி' என்று எழுதச் சொல்லி ஒரு தமிழாசிரிய நண்பர் இருபது வருடமாக எனக்குக் கடிதம் போடுகிறார். அவருடைய தமிழ்ப் பற்றை மதிக்கிறேன், சொல்லை ஏற்கமாட்டேன். மிதப்பது என்றால் பாதி முழுகியிருப்பது. கட்டுமரமும் கொஞ்சம் முழுகித்தான் மிதக்கிறது. இது தண்ணீருக்கு மேலே, காற்றில் நிற்கிறது. தரைக்கு வந்த பிறகும் அப்படியே நிற்கிறது. தரையில் எப்படி மிதக்கும்? அதற்காக 'ஹோவர்கிராஃப்ட் கப்பல்' என்று எழுதும் நாளிதழ்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கிராஃப்ட் என்றாலே கலம்தானே, 'கேட் வாசல்' என்பது போன்ற சேர்க்கை அது. எங்கள் அலுவலகத்தில் யாராவது அப்படி எழுதினால் நானே அடித்துத் திருத்துவேன்.

சரி, கால்வாய்க்கு வருவோம். 1968 ஆகஸ்டில் டோவரிலிருந்து பிரான்ஸின் பூலோனுக்கு எஸ்.ஆர்.என்.4 என்ற பெரிய ஹோவர்கிராஃப்ட் ஓடத் தொடங்கியது. 254 பயணிகள், 30 கார்கள். கூரைமேல் 19 அடி விட்டத்தில் நான்கு காற்றாடிகள். பிற்பாடு நீளம் கூட்டியபோது 418 பேர், 60 கார்கள். சாதாரணப் படகு ஒன்றரை மணி நேரம் எடுத்த தூரத்தை அரைமணியில் கடந்தது. 1995இல் ஒருநாள் கலேக்கும் டோவருக்கும் நடுவே 22 நிமிடத்தில் போயிருக்கிறது. பயணத்துக்குப் பெயர் 'ஃபிளைட்'. சீருடை அணிந்த பணிப்பெண்கள் இருக்கை இருக்கையாக வந்து உபசரித்தார்கள். சன்னல் முழுக்க உப்புநீர் தெறித்து வெளியே எதுவும் தெரியாது என்றும், பல் கிட்டிக்கும் குலுக்கல் என்றும் போய் வந்தவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். குறை சொல்லும் முகமா அது?

நீங்கள் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கமாட்டேன். 1985 மார்ச்சில் ஒரு வண்டி டோவர் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 1994இல் கடலுக்கடியில் ரயில் சுரங்கம் திறந்தது. 1999 ஜூன் முடிவோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வரியில்லாச் சரக்கு விற்பனை நின்றது. டிக்கெட்டைவிட அந்த மதுபாட்டிலையும் வாசனைத் திரவியத்தையும் நம்பி ஓடிய பயணங்கள் எல்லாம் ஆட்டம் கண்டன. 2000 அக்டோபர் 1ஆம் தேதி கடைசிப் பயணம். மிஞ்சிய இரண்டு பெரிய வண்டிகளில் ஒன்றை 2018இல் உடைத்துவிட்டார்கள். மற்றொன்று, 'பிரின்சஸ் ஆன்', தென் இங்கிலாந்தில் லீ-ஆன்-த-சாலன்ட் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 'காலாவதி' என்ற உங்கள் முத்திரையை நான் வாங்கமாட்டேன். அந்த அருங்காட்சியகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் சவுத்ஸீ. அங்கிருந்து வைட் தீவின் ரைட் என்ற ஊருக்கு 1965இலிருந்து ஹோவர்கிராஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடப் பயணம். நான் போயிருக்கிறேன். கூழாங்கல் கரையில் நிற்கிறோம். தூரத்தில் ஒரு நீர்ப்புகை தெரிகிறது. அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. கரை வந்தும் அது நிற்பதாக இல்லை! கடலைவிட்டு ஏறி, நம் முன்னால் சிமென்ட் தளத்துக்கு வந்து, மெல்லத் திரும்பி, மூச்சை விட்டபடி கோயில் யானை மடிந்து உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. என் பக்கத்தில் நின்ற பாட்டி தினமும் பார்ப்பவராக இருக்கலாம். அவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ரைட் ஊரில் இன்னும் ஏன் ஓடுகிறது தெரியுமா? அங்கே கடல் வற்றும்போது அரை மைலுக்கு மணல் விரிந்துவிடும். அதனால்தான் 1814இல் கடலுக்குள் நீளமாகப் பாலம் கட்டினார்கள். அதற்கு முன்பு படகில் வந்தவர்கள் சுமைதூக்கிகளின் முதுகில் ஏறி இறங்கி, மிச்சத் தூரத்தை ஈரமணலில் நடந்து கடந்தார்கள். மற்றப் படகுகள் இன்றும் அந்தப் பாலத்தின் கடல்முனையில்தான் நிற்கின்றன. ஹோவர்கிராஃப்ட் மட்டும் மணலைத் தாண்டி, ரயில் நிலையத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. ஆழமான துறைமுகம் இருந்த டோவரில் படகோடு போட்டி போட்டுத் தோற்றது. படகு கரைவரை வரமுடியாத ரைட்டில் அறுபது வருடமாகத் தாக்குப்பிடித்து ஓடுகிறது. ஜப்பானின் ஓய்தா நகரத்தில் விமான நிலையத்துக்கு ஓடிய சேவையை 2009இல் நிறுத்தினார்கள். 2025இல் புது வண்டி வாங்கி மறுபடியும் ஓட்டுகிறார்கள். காலாவதியான மாத்திரையை யாரும் மறுபடி வாங்குவதில்லையே!

அத்தனை தூரம் எதற்கு? உங்கள் காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் ரயிலேறி மண்டபத்தில் இறங்குங்கள். இந்தியக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்டுகள் அங்கே இருக்கின்றன. பாக் நீரிணையின் மணல் திட்டுகளுக்குப் பெரிய கப்பல் நெருங்க முடியாது, தரை தட்டும். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கியபோது கைக்குழந்தையோடு தப்பி வந்தவர்களைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். சுற்றிலும் தண்ணீர், தலைக்கு மேல் வெயில். அவர்களைக் கரைசேர்த்தது நீங்கள் காலாவதி என்று சொல்லும் இதுதான்.

காவல்படையின் ஏட்டில் இதற்கு என்ன பெயர் என்கிறீர்கள்? அப்படியே தமிழில் சொன்னால் காற்றுமெத்தை வண்டி. அடுத்த இதழிலிருந்து நம் பத்திரிகையிலும் அதேதான். தமிழாசிரிய நண்பர் கடிதம் எழுதட்டும், முழுதாகப் போடுகிறேன்.